கட்டழகர் போட்டியின் கடைசி ஏழு நாள்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை



உடற்கட்டுப் போட்டி இன்று நம் நாட்டில் பலரும் அறிந்த ஒன்றாகிவிட்டது. கட்டழகர் போட்டி என்றும் ஆணழகன் போட்டி என்றும் இதனை அழைக்கிறோம். ஜொகூரைச் சேர்ந்த சசாலி சமாட் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டத்தைப் பலமுறை வென்று மலேசியாவின் பெயரை இத்துறையில் நிலைநாட்டினார். 2002ஆம் ஆண்டு பூசானிலும் 2006ஆம் ஆண்டு டோஹாவிலும் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இது பதக்கத்திற்குரிய விளையாட்டாகவும் இடம்பெற்றிருந்தது. விளக்கொளியில் மேடையேறி நிற்கும் உடலை நாம் வியந்து பார்க்கிறோம். ஆனால், மேடையேறுவதற்கு முந்திய ஏழு நாள்களில் அந்த உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம்மிடம் பயின்ற பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதில் தாமான் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் ஜிம்முக்குச் செல்லத் தொடங்குகின்றனர். அது நல்ல பழக்கமே. கெட்ட சேர்க்கையிலிருந்து பல இளைஞர்களை அது காத்திருக்கிறது என்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அவர்களுள் சிலர் போட்டிக்கும் ஆயத்தமாகின்றனர். அப்போதுதான் அந்தக் கடைசி வாரம் அவர்கள் வாழ்வில் நுழைகிறது. உடற்கல்வியும் வரலாறும் போதிப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வாரத்தின் வரலாற்றை எழுதிவைப்பது பயன்தரும் என்று கருதினேன்.

சாண்டோ நடத்திய முதல் போட்டி

இன்றைய உடற்கட்டுக் கலையின் தந்தை என்று போற்றப்படுபவர் யூஜின் சாண்டோ. 1867ஆம் ஆண்டு, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பளு தூக்கும் வித்தைகளைக் காட்டி வந்த அவர், பார்வையாளர்கள் தூக்கப்படும் பளுவைவிடத் தூக்குபவரின் உடலையே அதிகம் ரசிக்கிறார்கள் என்பதை விரைவில் உணர்ந்துகொண்டார். கிரேக்கப் பளிங்குச் சிலைகளைப் போலத் தோன்றும்பொருட்டு உடல் முழுவதும் வெண்பொடி பூசிக்கொண்டு அசையாமல் நின்று காட்டினார். மேடைக்கென்று உடலை ஆயத்தப்படுத்தும் வழக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம். அன்று பூசப்பட்டது வெறும் பொடிதான். அதனால் எவர் உடலுக்கும் ஊறு விளையவில்லை.

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ பெரும் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். நடுவர் இருக்கையில் சாண்டோவுடன் சிற்பி சர் சார்ல்ஸ் லாஸ் அவர்களும், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அவர்களும் அமர்ந்திருந்தனர். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மர்ரி முதற்பரிசு பெற்றார். போட்டியின் வருவாய் போர் நிவாரண நிதிக்கு அளிக்கப்பட்டது.

இப்போட்டியில் நாம் கருத்தூன்றிக் காண வேண்டியது அதன் மதிப்பீட்டு முறையாகும். ஐந்து கூறுகள் வகுக்கப்பட்டிருந்தன: உடலின் பொது வளர்ச்சி, உறுப்புகளின் சமநிலை, திசுக்களின் தன்மையும் உறுதியும், பொது உடல்நலம், தோலின் நிலை. பொது உடல்நலம் என்பது அங்கே தனியொரு கூறாக இடம்பெற்றிருந்தது! பெரிய புயங்கள் கொண்டவர் நோயாளியைப் போலத் தோன்றினால் அவர் வெல்லக்கூடாது என்பது அன்றைய கொள்கை. இந்த ஐந்தையும் வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

1904–05ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவருடைய பெயரே உடற்பயிற்சியாளர்களுக்கு அடைமொழியாக மாறிற்று. முருக பக்திப் படங்களைத் தயாரித்த சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் நிற்கும் 'சாண்டோ' இவர்தாம் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் வியப்படைவார்கள்.

மதிப்பீடு மாறிய கதை

1948ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் ஜான் கிரிமெக் வென்றார். 1952ஆம் ஆண்டு அப்பட்டத்தை உயரம் குறைந்தோர் பிரிவில் வென்றவர் வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச். நான்கு அடி பதினொரு அங்குல உயரம் கொண்ட அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்றவர். கருவிகள் எவையுமற்ற சிறையிலேயே உடலை வளர்த்தவர். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால், பழம் என்பனவே தம் உணவு என்று கூறிவந்த அப்பெரியவர் 2016ஆம் ஆண்டு, தமது 104ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

1965ஆம் ஆண்டு நியூயார்க் புரூக்ளினில் முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டி நடைபெற்றது. அப்போது லேரி ஸ்காட் வென்றார். அதன்பின் வந்த ஆண்டுகளில் நடுவர்களின் எதிர்பார்ப்பு சிறிது சிறிதாக மாறிற்று. தசை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதன் ஒவ்வோர் இழையும் தோலுக்கு அடியில் தனித்துத் தெரிய வேண்டும் என்ற நிலை 1980களில் வந்துவிட்டது. சாண்டோவின் வெண்பொடிக்கு மாறாக, தசைக் கோடுகள் விளக்கொளியில் எடுப்பாகத் தெரியும்பொருட்டுக் கருஞ்செம்பு நிறச் சாயத்தைப் பூசிக்கொள்ளும் வழக்கமும் பரவிற்று. இயல்பாகவே கறுத்த மேனியுடைய நம் இளைஞர்கள்கூட இச்சாயத்தை இரண்டு மூன்று பூச்சுப் பூசிக்கொள்வதை இன்றைய போட்டிகளில் காணலாம்.

தோலுக்கும் தசைக்கும் இடையில் இருப்பவை இரண்டு: ஒன்று கொழுப்பு, மற்றொன்று நீர். கொழுப்பைக் குறைப்பது மூன்று, நான்கு மாத உழைப்பு. கடைசி வாரத்தில் அதில் பெரிய மாற்றம் எதனையும் செய்ய இயலாது. ஆதலால் கடைசி வாரத்தின் கவனம் முழுவதும் நீரின் மீதும், நீரை ஈர்க்கும் உப்பு, மாவுச்சத்து ஆகியவற்றின் மீதும் திரும்பிற்று.

சுவீடனில் மிதித்த மிதிவண்டி

இதற்கான அறிவியல் விதை ஊன்றப்பட்ட இடம் கட்டழகர் மேடைக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆய்வுக்கூடம். 1966ஆம் ஆண்டு, சுவீடன் மருத்துவர்களான யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் ஆகிய இருவரும் தம் உடலையே ஆய்வுப் பொருளாக்கினர். நிலைமிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் சோர்ந்து போகும்வரை மிதித்தனர். மற்றொரு கால் ஓய்வில் இருந்தது. பின்னர் சில நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு கால்களின் தசைகளிலிருந்தும் ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்துச் சோதித்தனர். களைத்த காலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, ஓய்வெடுத்த காலில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருந்தது!

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இதனை உடனே பற்றிக்கொண்டனர். 1969ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய மாரத்தான் ஓட்டத்தில் வென்ற ஆங்கிலேயர் ரோன் ஹில் இம்முறையைப் பின்பற்றியவர். ஓட்டக்காரருக்குக் கிளைக்கோஜன் என்பது எரிபொருள். கட்டழகரோ அதனை வேறொரு கண்ணோட்டத்தில் கண்டார். ஒரு கிராம் கிளைக்கோஜன் தசைக்குள் சேரும்போது ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் உடன் சேர்கிறது. அப்படியானால் மேடையில் தசை புடைத்துத் தோன்றுமல்லவா?

இவ்வாறு உருவானதுதான் கடைசி வாரத்தின் அட்டவணை. முதல் மூன்று நான்கு நாள்கள் சோறு, ரொட்டி, கிழங்கு ஆகியவற்றை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, மிகுதியான எண்ணிக்கையில் பயிற்சி செய்து தசைச் சேமிப்பைக் காலி செய்வர். பின்னர் பயிற்சியைக் குறைத்து, அடுத்த இரண்டு மூன்று நாள்கள் மாவுச்சத்தை ஏராளமாக உண்பர். போட்டி நாளன்று மேடைக்குப் பின்னால் ரப்பர் பட்டைகளை இழுத்துத் தசைகளுக்குக் குருதியோட்டத்தைக் கூட்டிக்கொண்டு, சாயமும் எண்ணெயும் மின்ன மேடையேறுவர். இதுவரை உள்ளவை கடினமானவை என்றாலும், நல்ல உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் தாங்கக்கூடியவை. சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

நீரும் உப்பும்

தசை பெருக வேண்டும், தோல் மட்டும் மெலிய வேண்டும் என்பது போட்டியாளரின் ஆசை. அதற்காகத் தொடக்க நாள்களில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி ஒன்றிரண்டு நாள்களில் திடீரென நிறுத்திவிடுவர். பழக்கத்தின் காரணமாக உடல் தொடர்ந்து நீரை வெளியேற்றும், தோலுக்கு அடியில் உள்ள நீர் வற்றிவிடும் என்பது அவர்களது கணக்கு. உப்பையும் அவ்வாறே நிறுத்துவர்.

உடல் இக்கணக்கின்படி நடப்பதில்லை. நீர் வரத்து நின்றவுடன், சில மணி நேரத்திலேயே சிறுநீரகங்கள் நீரைச் சேமிக்கத் தொடங்கிவிடுகின்றன. உப்பு குறைந்தால் அதனைப் பிடித்துவைக்கும் சுரப்புநீர் கூடுகிறது. மேலும், தோலுக்கு அடியில் உள்ள நீரை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் வழி உடலில் கிடையாது. தசையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்தான். நீர் குறையும்போது குருதியிலிருந்தும் குறைகிறது, தசையிலிருந்தும் குறைகிறது. சிறுகுடல் மாவுச்சத்தை உறிஞ்சுவதற்குச் சோடியம் தேவை. அது கிளைக்கோஜனாகச் சேர்வதற்கு நீர் தேவை. இரண்டையும் நிறுத்திவிட்டு மாவுச்சத்தை மட்டும் ஏற்ற முயல்வது, ஆற்று மதகை அடைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று ஏங்குவதற்கு ஒப்பாகும். தட்டையான தசையுடன் மேடையேறிவிட்டு, மறுநாள் வயிறார உண்டு நீரருந்திய பிறகு 'இன்றுதான் என் உடல் அழகாக இருக்கிறது' என்று வருந்தும் போட்டியாளர்கள் பலர். அதன் காரணம் இதுவே.

தண்ணீரை நிறுத்தியும் எதிர்பார்த்த தோற்றம் வாராதபோது சிலர் மருந்தை நாடினர். சிறுநீர்பெருக்கி மருந்துகள் இதய நோயாளிகளுக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் மருத்துவர் அளிப்பவை. அவற்றுள் சில நீருடன் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். வேறு சில பொட்டாசியத்தை உடலிலேயே தேக்கும். இதயத்துடிப்பு ஒழுங்காக அமைவதற்குப் பொட்டாசியம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தாக வேண்டும். அளவு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்தை உண்டு, அதனுடன் பொட்டாசிய மாத்திரையையும் விழுங்குபவரின் இதயம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். மிகையும் குறைவும் இரண்டுமே நோய்க்கு வாயில் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை உரைத்த கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது.

மேடை வாங்கிய உயிர்கள்

அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர் முகமது பெனசீசா. உயரம் குறைந்தவராயினும் வியக்கத்தக்க உடற்கட்டு உடையவர். 1990ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஒரு பெரும் போட்டியில், பின்னாளில் ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் பெற்ற டோரியன் யேட்ஸை இரண்டாம் இடத்திற்குத் தள்ளியவர். 1992ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நெதர்லாந்தில் நடந்த போட்டியில் முதற்பரிசு பெற்றார். பெற்ற சில மணி நேரத்தில் உயிரிழந்தார். சிறுநீர்பெருக்கி மருந்தும் நீரிழப்பும் அவரது இதயத்தை நிறுத்திவிட்டன.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆர்னல்டு கிளாசிக் போட்டியில் கனடா நாட்டு வீரர் பால் டில்லட் மேடையிலேயே தசைகள் இறுகி, அசைய இயலாமல் நின்றுவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 1996ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்ட்ஸர் தமது 31ஆம் வயதில் மியூனிக் மருத்துவமனையில், உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து மாண்டார். அதற்குச் சில நாள்கள் முன்புதான் அவர் போட்டி மேடையில் நின்றிருந்தார். அவருடைய சாவுக்குப் பல ஆண்டுகள் உட்கொண்ட ஊக்கமருந்துகளும் காரணம் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

அவ்வாண்டே சிகாகோவில் நடந்த மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் சிறுநீர்பெருக்கி மருந்துக்கான சோதனை நடத்தப்பட்டது. மூன்றாம் இடம் பெற்ற நாசர் எல் சொன்பாட்டி அச்சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார்.

1901ஆம் ஆண்டின் ஐந்து கூறுகளை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். பொது உடல்நலத்தையும் ஒரு கூறாகக் கொண்டிருந்த போட்டி, முதற்பரிசு பெற்றவர் சில மணி நேரத்தில் இறந்துபோகும் நிலைக்கு வந்து சேர்ந்ததற்குத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. முன்ட்ஸர், டில்லட், நாசர் முதலியோர் போட்டியிட்ட அக்காலத்திலும் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு வழங்கப்பட்ட விருது சாண்டோவின் உருவச் சிலையே. 1977ஆம் ஆண்டு முதல் அதுவே வழங்கப்பட்டு வருகிறது. சிலை நிலைத்துவிட்டது. அவர் வகுத்த மதிப்பீட்டில் ஒரு கூறு மட்டும் உதிர்ந்துவிட்டது.

என்னிடம் வந்த ஒரு வினா

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாகப் போட்டி ஒன்றில் பங்கெடுத்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. போட்டிக்கு இரண்டு நாள்களுக்கு முன் அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சார், பையன் நேத்துலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்கிறான். உதடெல்லாம் வெடிச்சிருக்கு. கேட்டா எல்லாரும் இப்படித்தான் செய்றாங்கன்னு சொல்றான். நீங்க சொன்னா கேப்பான் சார்" என்றார்.

அன்று மாலையே சென்றேன். கன்னம் ஒட்டி, பேச்சுத் தளர்ந்து அமர்ந்திருந்தான். பெனசீசாவின் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அவரு பெரிய ஆளு, மருந்து எடுத்தாரு. நான் மருந்தே எடுக்கல சார். தண்ணி மட்டும்தான்" என்றான். அவன் கூற்றில் ஒரு நியாயம் இருந்தது. மருந்து வேறு, தண்ணீரை நிறுத்துவது வேறுதான். ஆதலால் மருந்தே இல்லாமல் தண்ணீரை மட்டும் நிறுத்தியவர்களின் வரலாற்றையும் அவனிடம் கூற வேண்டியதாயிற்று. அதனை அடுத்த பகுதியில் எழுதியுள்ளேன். முடிவில் அவன் தண்ணீர் குடித்தான். போட்டியில் பரிசு கிட்டவில்லை. தண்ணீர் குடித்ததால்தான் பரிசு போயிற்றோ என்ற ஐயம் அவனுக்கு இன்றும் உண்டு. அந்த ஐயத்தை நான் முற்றாகப் போக்கிவிட்டேன் என்று சொல்வதற்கில்லை.

பிற விளையாட்டுகள் கற்ற பாடம்

1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இறந்தனர். அம்மூவரும் குறைந்த எடைப் பிரிவில் போட்டியிடும்பொருட்டு, நீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டு, ஆவி வெளியேறாத உடையணிந்து, வெப்பமான அறையில் கடும்பயிற்சி செய்தவர்கள். வியர்வையாலும் தாகத்தாலும் எடையைக் குறைக்க முயன்றபோதே உடல் வெப்பம் ஏறி, இதயம் நின்றது. அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் தாமதிக்கவில்லை. ரப்பர் உடையையும் சூடேற்றிய அறையையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தது. உடலில் போதிய நீர் உள்ளதா என்பதைச் சோதித்த பின்னரே எடைப் பிரிவை உறுதிசெய்யும் முறையைக் கொண்டுவந்தது.

நமக்கு அருகிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பின் மணிலா போட்டிக்கு வந்திருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், எடைக்குறைப்பின்போது மயங்கி விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது இருபத்தொன்று. அவ்வமைப்பு உடனே நீரிழப்பின் வழி எடை குறைப்பதைத் தடை செய்து, வீரர்களின் சிறுநீரைச் சோதிக்கும் முறையை ஏற்படுத்திற்று.

ஒலிம்பிக்கிலும் சிறுநீர்பெருக்கி மருந்துகளுக்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் பல்கேரிய பளுதூக்கும் வீரர் இருவர் இம்மருந்தினால் தங்கப் பதக்கத்தை இழந்தனர். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவாண்மையின் பட்டியலில், போட்டிக் காலத்திலும் பயிற்சிக் காலத்திலும் இவை தடை செய்யப்பட்டவையாகவே உள்ளன. ஆனால், நூற்றுக்கணக்கில் நடைபெறும் சிறு உடற்கட்டுப் போட்டிகள் எல்லாவற்றிலும் சோதனை நடத்தப்படுவதில்லை. எடை பார்க்கும் விளையாட்டில் விதியைத் திருத்தலாம். தோற்றத்தையே பார்க்கும் விளையாட்டில், நடுவரின் கண் எதனை விரும்புகிறதோ அதுவே விதியாகிவிடுகிறது. இத்துறை திருந்தத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆய்வுகள் கூறுவது

கடைசி வார வித்தைகளால் உண்மையில் பயன் உண்டா? 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், மாவுச்சத்து ஏற்றிய கட்டழகர்களின் தசைச் சுற்றளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. 2019ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த மற்றோர் ஆய்வில் தசையின் தடிமன் சிறிதளவு கூடியது. ஆயினும், மாவுச்சத்தை ஏற்றியோருக்கு வயிற்றுக் கோளாறுகளும் நேர்ந்தன. ஆக, மாவுச்சத்து ஏற்றுவதனால் சிறு பயன் இருக்கலாம் என்பது வரைதான் சொல்ல இயலும். நீரையும் உப்பையும் திடீரென நிறுத்துவது தோற்றத்தை உயர்த்தும் என்பதற்கோ உறுதியான சான்று கிடையாது.

மருந்தே தொடாத போட்டியாளரின் உடலும் எவ்வளவு தேய்கிறது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே ஒரு கட்டழகரை, போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் தொடர்ந்து சோதித்தனர். அவருடைய உடற்கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5 விழுக்காட்டிற்கு இறங்கிற்று. ஓய்வுநிலை இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 53இலிருந்து 27க்குக் குறைந்தது. ஆண்மைச் சுரப்புநீரும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மேடையில் நிற்பவர் உலகிலேயே மிக வலிமையானவராக நம் கண்ணுக்குத் தெரிகிறார். அன்றைய நாளில் அவர் தம் வாழ்விலேயே மிகத் தளர்ந்த நிலையில் இருக்கிறார் என்பதே உண்மை. அப்படிப்பட்ட உடலிடமிருந்துதான் கடைசி இரண்டு நாளில் தண்ணீரையும் பறிக்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

பிள்ளைகள் உடற்பயிற்சி செய்வதைத் தடுக்க வேண்டாம். போட்டியில் சேர்வதையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், கீழ்க்காணும் சிலவற்றைக் கவனத்தில் கொள்வோம்.

முதலாவது, பதின்ம வயதினர் எவரும் போட்டிக்காக நீரை நிறுத்தக்கூடாது. பயிற்றுநர் சொன்னாலும் கூடாது. நம் நாட்டு வெயிலில் இது இருமடங்கு ஆபத்தானது.

இரண்டாவது, மருத்துவர் எழுதித் தராத எந்த மாத்திரையும் வீட்டுக்குள் வரக்கூடாது. தாத்தா, பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைகள் எண்ணிக்கையில் குறைகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கடும் தசைப்பிடிப்பு, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, குழப்பமான பேச்சு, சிறுநீர் மிகவும் குறைந்து கருமஞ்சளாதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயங்கி விழுந்தால் 999ஐ அழையுங்கள். என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

நான்காவது, பயிற்றுநரை நேரில் சென்று சந்தியுங்கள். டியூஷன் ஆசிரியரைத் தேடிச் சென்று விசாரிக்கும் பெற்றோர், பிள்ளையின் உடலை ஒப்படைத்த பயிற்றுநரை ஒருமுறையேனும் பார்த்துப் பேச வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டு நிறுத்தப்படும் வரை, தேர்வுக்கு முந்திய வாரத்தில் பிள்ளைகளை நள்ளிரவு வரை விழிக்கவைத்த இல்லங்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் கற்றதைத்தான் தேர்வறையில் எழுத முடியும். கடைசி வாரம் அதனைத் தெளிவாக எழுதுவதற்கான உறக்கத்தையும் அமைதியையும் தரலாம், அல்லது பறிக்கலாம். மேடைக்கும் இது பொருந்தும். பல மாத உழைப்பில் கட்டிய உடலைக் கடைசி ஏழு நாள்கள் புதிதாகக் கட்டித் தருவதில்லை. உள்ளதைக் காட்டுவதற்கு மட்டுமே அவை உதவும்.

நலக்கல்விப் பாடத்தில் நீரின் தேவையைக் கற்பிக்கும்போது, 1901ஆம் ஆண்டின் அந்த ஐந்து கூறுகளை வெண்பலகையில் எழுதி, இவற்றுள் எது இன்று விடுபட்டுப் போயிற்று என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் அவர்கள் கண்டுபிடிக்கும் விடை, பத்தொன்பது வயதில் அவர்களுக்குக் கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை.